உடன் காணுதல்

சனிக்கிழமைகளில் விடியுமுன்னே எங்கள் வீட்டு மேல்மாடிப் படிகளில் காலடிச் சத்தம் கேட்கும். படிப்புக்காக வந்து எங்களிடம் அறை எடுத்திருந்த மாலைதீவுப் பிள்ளைகள் மூவரும், உறங்குகிறவர்கள் எழும்பிவிடக் கூடாதென்று சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி இறங்குவார்கள். கேற் திறக்கும் ஒலி. பிறகு கடற்பக்கமாகத் தேய்ந்து போகும் பேச்சு. தெஹிவளை ஸ்டேஷனில் ரயிலெடுத்துக் கோட்டைக்கு. அங்கிருந்து கண்டியோ, நானுஓயாவோ, எல்லவோ. ஞாயிறு இரவு திரும்பி வரும்போது அந்தச் சப்பாத்துகளில் மலைநாட்டுச் செம்மண் ஒட்டியிருக்கும். திங்கள் காலை என் மனைவி அதைப் படியிலிருந்து கூட்டி எடுப்பாள்.

அது 2016ஆம் ஆண்டு. எனக்கு அறுபது கடந்திருந்தது. அந்தக் காலடிச் சத்தம் ஒவ்வொரு கிழமையும் என்னை என் பழைய பிழையொன்றின் முன்னே கொண்டுபோய் நிறுத்தியது.

2008இல் என் மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். காணியை ஈடுவைத்து அனுப்பிய படிப்பு. கிழமைக்கொரு தடவை மின்னஞ்சலில் படங்கள் வரும். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களுக்கு முன்னால் ஐந்து பேர். எடின்பரோக் கோட்டை வாசலில் ஒரே குடையின் கீழ் மூன்று பேர். வேல்ஸின் ஒரு மலையுச்சியில் நால்வர். அவர்களுக்குப் பின்னால் வெண்புகார் தவிர வேறெதுவும் தெரியாத படம் அது. ஒருவன் நைஜீரியாக்காரன், ஒருத்தி சீனப் பெண், ஒருவன் குஜராத்தி. அந்தப் படம் வந்த அன்று தொலைபேசியில் சொன்னேன்: "தம்பி, உன்னை நாங்கள் படிக்கத்தான் அனுப்பினது. ஊர் சுத்திப் பாக்க இல்லை. அதுவும் பாக்க ஒண்டுமில்லாத இடத்துக்கு." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, நான் என்ர வாழ்க்கையில ஏறின முதல் மலை அது" என்றான்.

அதைச் சாட்டு என்றே அன்று எடுத்துக்கொண்டேன்.

அவன் சொன்னது முழு உண்மை. தெஹிவளையில் பிறந்து, மிருகக்காட்சிச்சாலை யானைகளின் பிளிறல் கேட்கும் தூரத்தில் வளர்ந்த பிள்ளை, இருபது வயதுவரை சிகிரியாவைக் கண்டதில்லை. சிவனொளிபாதமலை ஏறியதில்லை. தகப்பனின் ஊரான யாழ்ப்பாணத்தை ஒரே ஒருமுறை, 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு கண்டான். 2006 ஆகஸ்டில் அந்தப் பாதையும் மூடப்பட்டது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 அக்டோபர் வரை யாழ்ப்பாணத்தை எட்டவில்லை. ஒரு முழுத் தலைமுறை தன் நாட்டைப் பாடப்புத்தகத்துப் படங்களில் கண்டு வளர்ந்து, கடல் கடந்த பிறகே முதல் மலையில் ஏறியது.

போர் நடந்த அந்த வருடங்களில் பயணம் என்பது நமக்கு என்னவாக இருந்தது என்று நாம் ஒருநாளாவது அமர்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, "எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய்" என்ற கேள்விக்குக் கைவசம் ஒரு பதில். சாவீட்டுக்குப் போகலாம், கந்தோர் அலுவலாகப் போகலாம், வைத்தியரிடம் போகலாம். "சும்மா பார்க்கப் போகிறேன்" என்பது பதிலாகாது. இருபது வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருவன், தன்னைப் போன்ற மூவரோடு சேர்ந்து, ஒரு மலையின் அழகைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் அதை நம்ப எந்தச் சோதனைச் சாவடியிலும் ஆளில்லை. 1996 ஜூலை 24 மாலை, வேலைவிட்டு வீடு திரும்புகிறவர்கள் நெருக்கியடித்து நின்ற ரயிலில், எங்கள் தெஹிவளை ஸ்டேஷனில் குண்டுகள் வெடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மேடையில் கால் வைக்கும்போது இன்றும் அது நினைவில் எழும். இறந்தவர்களுக்காக அன்றிரவு அழுதோம். அதே இரவில் நம் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினோம். ஒரே வீட்டுக்குள் இரண்டும் நடந்தன.

அச்சத்தால் கண் மங்குவதில்லை, கூர்மையே பெறுகிறது. ஆனால் தனக்கு வேண்டியதை மட்டுமே அது காணவிடும். தெருமுனையில் காவலரண் உண்டா, எதிரே வருகிறவன் யார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இந்தக் கேள்விகளுக்கு விடையாகாத யாவும் கண்ணில் பட்டும் படாமல் போகும். கால்நூற்றாண்டு அப்படிப் பார்த்துப் பழகியவனுக்குக் கடலென்பது தண்டவாளத்துக்கு அப்பால் தெரியும் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பாதைகள் திறந்த பிறகும் கண் திறக்க நாளாகும் என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை.

ஒரு மழைநாள் மாலை. பிளேன்டீயோடு விறாந்தையில் இருந்தபோது மூவரில் இளையவன் தன் முதல் மலையைப் பற்றிச் சொன்னான். அவன் நாடு ஏறக்குறைய 1,200 தீவுகள். அவற்றில் இயற்கையாக அமைந்த மிக உயர்ந்த நிலமே இரண்டரை மீட்டருக்கு உட்பட்டது. ஆறு கிடையாது. தென்னையின் உச்சிதான் அங்கே உயரம். நாவலப்பிட்டியைத் தாண்டி ரயில் ஏறத் தொடங்கியதும் நிலம் எழுந்து நிற்பதுபோல் அவனுக்குத் தோன்றியதாம். முதலில் பயம். ஒரு வளைவில் மேகம் கீழே கிடக்கக் கண்டபோது பயம் போய் வேறொன்று வந்தது. அதற்கு அவனிடம் சொல் இல்லை. "அப்போது நான் மலையைப் பார்க்கவில்லை, அங்கிள். திரும்பி மற்ற இருவரையும் பார்த்தேன். அவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

அந்தப் பேச்சு நெடுநாள் என்னுள் கிடந்தது. காண்பதற்கென்றே கடல் கடந்து, இரவு விழித்து, நின்றபடி பயணம் செய்து வந்தவர்கள், காட்சி உச்சத்தை அடைந்த கணத்தில் அதைவிட்டு ஒருவரையொருவர் நோக்குவானேன்?

அந்தப் பிள்ளைகளிடம் நான் கற்றவை பல. இளநீரை அவர்கள் குரும்பா என்பார்கள், சிங்களத்திலும் அதுவே, நம் ஊரில் தென்னம்பிஞ்சுக்குக் குரும்பை. நமது சம்பலில் இடிபடும் மாசி அவர்கள் கடலிலிருந்து வருவது. பயணி இப்னு பதூதா தங்கள் நாட்டில் காதியாக இருந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும். 1344இல் அங்கிருந்து புறப்பட்ட அந்த மனிதர் புத்தளத்தில் கரையிறங்கி, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, ஆதத்தின் பாதமலையைக் காணவே வந்தேன் என்று சொன்னதும், அரசன் பல்லக்கோடு 4 யோகிகளையும் 3 பிராமணர்களையும் தன் பரிவாரத்தார் 10 பேரையும் உணவு சுமக்க 15 பேரையும் கூட அனுப்பியதும் அவர்களுக்குத் தெரியாது. நான் சொன்னேன். காணப் போகிறவனுக்குத் துணை சேர்த்து அனுப்பிய அந்த அரசனை எண்ணும்போதெல்லாம், நம் மொழியில் ஆற்றுப்படை என்றே ஒரு நூல்வகை இருப்பது நினைவுக்கு வரும்: வழி கண்டு திரும்பியவன், அறியாதவனை வழியில் மறித்து நிறுத்தி, அவனுக்கு ஊரையும் ஆற்றையும் மலையையும் சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அவ்வகை. தான் கண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்வது நம் முன்னோருக்கு முழுமையான காட்சியாகத் தோன்றவில்லை போலும்.

பிறகொரு வெள்ளி இரவு, நாளைக்குக் காலி போகிறோம், நீங்களும் வரவேண்டும் என்று மூவரும் வந்து நின்றார்கள். நான் முழங்காலைச் சொன்னேன். என் மனைவி குசினிக்குள் இருந்தே சொன்னாள்: "முப்பது வருசமா இந்த ரயில் சத்தத்தில படுத்தெழும்புறியள். ஒருக்கா அது போற இடத்தையும்தான் பாத்திட்டு வாங்கோவன்."

1894இலேயே காலியை எட்டிவிட்ட தண்டவாளம் அது. பாணந்துறைக்கு அப்பால் நான் அதில் போனது ஒரு மரணவீட்டுக்கு மட்டும். களுத்துறையில் களு கங்கைப் பாலம் வந்ததும் மூவரும் எழுந்து கதவண்டை போய்விட்டார்கள். ஆறொன்று கடலில் கலக்கும் இடத்தை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. நான் கண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பழுப்புத் தண்ணீர் நீலத்துக்குள் நுழையும் கோடு, அந்தக் கோட்டின்மேல் வரிசையாகப் பறந்த பறவைகள். மரணவீட்டுக்குப் போன அன்றும் இவை இருந்திருக்கும்.

அம்பலாங்கொடை கழிந்து ஹிக்கடுவைக்கு முன்னே பெரேலிய வந்தபோது யாரோ கைகாட்டினார்கள். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிறு, போயா நாளும்கூட. விடுமுறைக்கு வீடு போகிறவர்களும் ஊர் பார்க்கப் போகிறவர்களுமாக நிறைந்து கொழும்பிலிருந்து சென்ற ரயிலை அலை அங்கே புரட்டியது. ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்கள். பெட்டிக்குள் பேச்சு அடங்கிற்று. மூவரில் மூத்தவன் மெல்லச் சொன்னான்: அன்று காலை அவன் தீவிலும் கடல் ஏறியது, அவனுக்கு எட்டு வயது, தாய் அவனைத் தோளில் தூக்கி நின்றாள், தண்ணீர் அவள் இடுப்பைத் தாண்டியது. அவன் நாட்டில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே அலை, ஒரே காலை. மறுபக்கம் இருந்த சிங்களத் தாயொருத்தி அவன் பேச்சில் எவ்வளவு விளங்கிக்கொண்டாளோ, கையிலிருந்த தோடம்பழத்தை உரித்து அவனுக்குப் பாதி கொடுத்தாள்.

காலிக் கோட்டையில் பகல் தொழுகைக்காக அவர்கள் மீரான் பள்ளிவாசலுக்குள் போக, நான் மதில்மேல் கடலைப் பார்த்தபடி இருந்தேன். அரை மணித்தியாலம் இருந்திருப்பேன். வெயில், காற்று, கல்லில் மோதும் தண்ணீர். அவர்கள் திரும்பி வந்த மறுநிமிடம் இளையவன் கூவினான்: "அங்கிள், ஆமை!" நான் அத்தனை நேரம் பார்த்திருந்த அதே தண்ணீரில், பாறைக்கு இந்தப் பக்கம், பெரிய கடலாமை ஒன்று தலையை நீட்டி மூச்சிழுத்துவிட்டு அமிழ்ந்தது. அது புதிதாக வந்ததாக இருக்காது. அவன் விரல் நீட்டிய திசையில் என் கண் போனது. ஆமையை நான் கண்டுவிட்டேனா என்று அறிய அவன் கண் என் முகத்துக்கு வந்தது. கண்டுவிட்டேன் என்று தெரிந்ததும் மறுபடியும் ஆமைக்குத் திரும்பி என்னோடு சேர்ந்து பார்த்தான். அந்த மூன்று அசைவுகளையும் நான் மறக்கவில்லை.

1911இல் அதே காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த பலகைக்கல்லைக் கண்டெடுத்தார்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல். 1409 என்ற ஆண்டைத் தாங்கியது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்கும் காணிக்கைகளை எழுதியிருக்கிறது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அடுத்த சனி நான்தான் அவர்களை அழைத்துப் போனேன். பழந்தமிழ் எழுத்தில் என்னால் தடவித் தடவிச் சில சொற்களே கூட்ட முடிந்தது. குர்ஆன் ஓதிப் பழகிய அவர்கள் பாரசீகப் பகுதியின் தேய்ந்த எழுத்துகளில் ஒன்றிரண்டை அடையாளம் கண்டார்கள். சீனத்தை எங்களில் எவரும் அறியோம். நெடுநேரம் நின்றோம். என் மகனோடு மலையுச்சியில் நின்ற அந்தச் சீனப் பெண் அங்கே இருந்திருக்கலாமே என்று மனம் ஏங்கியது.

சைவ வகுப்பில் சிறுவயதில் கேட்ட ஒன்று அன்றிரவு புதிதாகத் திறந்தது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் தந்த சிவஞானபோதத்துக்குப் பன்னிரண்டே சூத்திரங்கள். அவற்றில் பதினோராவது காண்பதைப் பற்றியது. கண் தானாகக் காண்பதில்லை. உயிர் உடனின்று காட்டவே காண்கிறது. அதுபோல் உயிரும் தானாக அறிவதில்லை; இறைவன் உடனின்று காட்டவே அறிகிறது. இதை விரிப்பவர்கள் அவன் செய்யும் உபகாரத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: காட்டும் உபகாரம், காணும் உபகாரம். முதலாவது எனக்குச் சிறுவயதிலேயே விளங்கியது. விளக்கு ஏற்றி வைப்பது போன்றது. இரண்டாவது அறுபது வயதுவரை விளங்கவில்லை. காட்டிவிட்டால் போதாதா? யாவும் அறிந்தவனுக்கு, இந்தச் சிற்றுயிர் காணும் சிறுபொருளைத் தானும் கூடநின்று காண்பதால் ஆவதென்ன?

பெரிய தத்துவத்தைச் சின்ன அனுபவத்தில் பொருத்துகிறேன் என்று அறிந்தவர்கள் கடியலாம். ஆயினும், விரலை நீட்டிவிட்டு நிற்காமல் என் முகத்தைப் பார்த்து, பிறகு மறுபடியும் கடலைப் பார்த்த அந்தப் பிள்ளையிடமே எனக்கு இரண்டாவது உபகாரத்தின் பொருள் கிடைத்தது. காட்டுகிறவன் காட்டியதோடு விலகிவிட்டால், காண்பவனுக்குக் கிடைப்பது ஒரு பொருள். காட்டியவனே உடனின்று தானும் காணும்போது, அந்தப் பொருளோடு, இது உண்மை, இது நீ தனியே கண்ட மயக்கமில்லை, இதைக் கண்டு வியக்க உனக்கு உரிமையுண்டு என்னும் உறுதியும் சேர்ந்து கிடைக்கிறது. அந்த உறுதியில்லாமல் எந்த உயிரும் எதையும் தனதென்று ஏற்பதில்லை. தாய்மொழி கேளாத, உறவென்று எவருமில்லாத ஓர் ஊரில், கையில் இரண்டே நாள் விடுமுறையோடு, நேற்றுவரை அந்நியராக இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மலையையோ கோட்டையையோ நோக்கிப் புறப்படும் பிள்ளை தேடிப் போவது அந்த இரண்டாவது உபகாரத்தைத்தான் என்றும், மேகத்தைக் காலடியில் கண்ட கணத்தில் அவன் மலையைவிட்டு நண்பனின் முகத்துக்குத் திரும்புவது அதனால்தான் என்றும், அந்த முகத்தில் தன் வியப்பு பதிந்திருக்கக் கண்ட பிறகே அந்நிய நிலம் அவனை ஏற்றுக்கொள்கிறது என்றும் இன்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால், இந்த நாட்டில் நாம் இழந்தது பாதைகளை மட்டுமா? பாதைகள் 2009இல் திறந்தன. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். நயினாதீவுக்குப் படகேறினார்கள், கீரிமலையில் குளித்தார்கள், போனார்கள். அவர்கள் பார்த்தார்கள். நாம் வேலிக்குள் நின்று அவர்களைப் பார்த்தோம். அவர்கள் நம்மிடம் கேட்கவில்லை, நாமும் காட்டவில்லை. யார் குற்றம் பெரிது என்று இங்கே நிறுத்துப் பார்க்க நான் முயலவில்லை. நிறுக்கும் தட்டு என் கையில் நேராக நிற்காது. ஆனால் ஒரே தீவில் பிறந்தவர்கள் ஒருவர் ஊரை ஒருவர் உடனின்று காணாமலே மூப்படைவதென்பது, எந்தக் கணக்கிலும் எழுதப்படாத பேரிழப்பு. அதை எனக்கு உணர்த்த, மலையென்றால் என்னவென்றே அறியாத நாட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் வர வேண்டியிருந்தது.

படிப்பு முடிந்து அவர்கள் 2018இல் போய்விட்டார்கள். அன்றிரவு மேல்மாடி இருண்டு கிடந்தது. இங்கிலாந்தில் அப்போது மாலைப்பொழுது. மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேத்தியின் சுகம் கேட்டேன், வேலை பற்றிக் கேட்டேன். பிறகு பத்து வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"தம்பி, அந்த மலை எப்பிடி இருந்தது?"

"எந்த மலை அப்பா?"

"வேல்ஸில நீ ஏறினது. முதல் மலை எண்டு சொன்னாயே."

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பேத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தது தூரத்தில் கேட்டது.

"ஒண்டுமே தெரியேல்ல அப்பா. ஒரே புகார். பத்தடிக்கு அங்கால என்ன இருக்குதெண்டே தெரியாது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "ஆனா நாலு பேரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல அங்கயே நிண்டனாங்கள்."